கப்டனின் மேலங்கியும் நிலானியின் கலியாண உடுப்பும்

என் மகனுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ கொழும்பிலிருந்து போன் எடுத்துக் கதைத்தபோது, கலியாண வேலைகளை எல்லாம் விசாரித்து முடித்து, வைக்கப்போகிற நேரத்தில் மெதுவாக ஒன்று கேட்டாய். "அம்மா, நிலானியின்ர ஆக்கள் எல்லாரும் வீட்டுக்கு வருவினம். ஹோலில அலுமாரிக்குள்ள இருக்கிற அந்தச் சாமானுகளைக் கொஞ்ச நாளைக்கு மேல் அறையில எடுத்து வைக்க ஏலுமே?" யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்துவிட்டேன். எடுத்து வைக்க மாட்டேன். இதை அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ உடனே "சரி அம்மா, சரி" என்று அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவாய். உன்னுடைய அந்தச் "சரி" எனக்கு நல்ல பழக்கம். ஆகவே எழுதுகிறேன். கோபமில்லை. காலைத் தேத்தண்ணி குடித்து முடிந்து, அப்பா மீன் வாங்கக் கடற்கரைக்குப் போயிருக்கிற நேரத்தில், அந்தக் கண்ணாடி அலுமாரிக்கு முன்னாலேயே கதிரையைப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். இதை வேறு யாரும் வாசித்தாலும் எனக்குக் குறையில்லை. மறைக்கிற மாதிரி இதில் ஒன்றுமில்லை.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் துண்டு துண்டாகக் கேட்டிருக்கிறாய், அதிலும் பாதியில் எழும்பிப் போயிருக்கிறாய். நான் பள்ளிப் படிப்பு முடித்து வீட்டில் இருந்த காலத்தில் எங்கள் ஒழுங்கையில் ஒரேயொரு வீட்டில்தான் தொலைக்காட்சி இருந்தது. அது ஜெயந்தியின் வீடு. நீ "ஜெயந்தி அன்ரி" என்று கூப்பிடுகிற, இப்போது உப்புவெளியில் விருந்தினர் விடுதி நடத்துகிற அதே ஜெயந்தி. அப்போது அவர்களும் துறைமுகத்தடியில்தான் இருந்தார்கள். கூரைக்கு மேலே உயரமாக ஒரு அன்ரெனா. காற்றடித்தால் படம் நெளியும். யாராவது வெளியே போய்க் குழாயைப் பிடித்துத் திருப்ப வேண்டும். அந்தப் பெட்டியில் வாரத்தில் ஒரு மாலை "ஒரேலியா" என்ற ஆங்கிலத் தொடர் போகும், அடியில் சிங்கள எழுத்து ஓடும். எங்கள் இருவருக்கும் ஆங்கிலம் அரைகுறை, சிங்களம் கால்வாசி. இரண்டையும் கூட்டிக் கதையைப் பிடித்துக்கொள்வோம். ஒரேலியா ஒரு விண்கப்பல். கிரகத்துக்குக் கிரகம் சரக்கு ஏற்றி இறக்குகிற சாதாரணக் கப்பல். ஜன்னலைத் திறந்தால் உட்துறைமுகத்தில் நங்கூரமிட்ட கப்பல்களைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அது அந்நியமாகத் தெரியவில்லை. அதிலும் சரக்குப் பிந்தும், சமையல்காரன் முறைப்பாடு சொல்வான், இறங்குதுறையில் அனுமதி கிடைக்காமல் கப்பல் காத்துக் கிடக்கும். கப்டன் மட்டும் பெண். கப்டன் செலீன்.

நான் முதல் நாளே பார்த்தது அவளுடைய உடுப்பைத்தான். கப்டனும் சமையல்காரனும் இயந்திரம் பார்க்கிறவனும் ஒரே உடுப்பு. கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே துண்டாக, இடுப்பில் ஒரு பட்டி, தொடையில் பெரிய பைகள். யார் எந்தப் பதவி என்பது மணிக்கட்டில் ஓடுகிற கரையில் மட்டும்தான் தெரியும். அந்த உடுப்போடு அவள் ஏணியில் ஏறினாள், குழாய்க்குள் தவழ்ந்தாள், ஒரு தடவைகூட அதை இழுத்துச் சரிசெய்யவில்லை. தாவணி முனையைச் செருகிச் செருகியே நாள் போகிற எனக்கு அது பெரிய விஷயமாகத் தெரிந்தது. படம் கறுப்பு வெள்ளை என்பதால் நிறத்தில் எங்களுக்குள் சண்டை. உடுப்பு சாம்பல் நிறம் என்றேன் நான். "சிவப்படி. கப்டன் எண்டா சிவப்புத்தான்" என்று ஜெயந்தி சாதித்தாள். பல வருடம் கழித்து ஒரு கப்பல்காரன் கொண்டுவந்து தந்த வண்ண அட்டையில் பார்த்தோம். உடுப்பு வாழைக்குருத்துப் பச்சை. இரண்டு பேரும் தோற்றோம், ஆனால் அவள் இன்றைக்கும் "அது அச்சடிச்சவன் விட்ட பிழை" என்கிறாள்.

உண்மையான சண்டை மூன்றாவது வருடத் தொடரில் வந்தது. உடுப்பு வடிவமைக்கிற ஆளை மாற்றிவிட்டார்கள் போலிருக்கிறது. திடீரென்று ஒரு மாலை கப்டன் செலீன் தரையைக் கூட்டுகிற மாதிரி நீளமான மேலங்கியோடு வந்து நின்றாள். தோளில் விறைப்பான கழுத்துப்பட்டை, பின்னால் இழுபடுகிற துணி. ஜெயந்தி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "இதைப் போட்டுக்கொண்டு இவள் எப்பிடி ஏணியில ஏறுவாள்?" என்றேன். "ஏன் ஏற வேணும்? அவள் கப்டன். அவள் வாறாள் எண்டு தூரத்திலயே தெரிய வேணும்" என்றாள் அவள். உடுப்பு உடம்பு செய்கிற வேலைக்காக என்பது என் கட்சி. உடுப்பு தூரத்தில் நிற்கிறவனுக்கு நீ யாரென்று சொல்வதற்காக என்பது அவள் கட்சி. அன்று தொடங்கியது, மகன். அவளுடைய கலியாணம், என்னுடைய கலியாணம், நாட்டில் யுத்த காலம், இடப்பெயர்வு எல்லாவற்றுக்கும் நடுவில் இந்த வாக்குவாதம் மட்டும் ஒருநாளும் நிற்கவில்லை. உன் அப்பா பெண் பார்க்க வந்த அன்றுகூட நாங்கள் குசினிக்குள் இதைத்தான் கதைத்துக்கொண்டிருந்தோம் என்று அவர் இன்னும் சொல்லிச் சிரிப்பார்.

பிறகு எனக்குக் கப்பல் முகவர் அலுவலகத்தில் எழுதுவினைஞர் வேலை கிடைத்தது. அங்கே நான் ஒருத்திதான் பெண். கப்பல் வந்தால் ஒரு ஆள் படகில் போய், மேலே ஏறி, கப்டனிடம் கடதாசிகளைச் சரிபார்த்துக் கையெழுத்து வாங்கி வர வேண்டும். ஆங்கிலம் எழுதுவதில் என்னைவிடப் பின்தங்கியவர்கள் எல்லாம் போய் வந்தார்கள். நான் கரையில் இருந்து அவர்கள் விட்ட பிழைகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒருநாள் மனேஜரிடம் போய் நானும் போகிறேன் என்றேன். அவர் நல்ல மனிதர். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "சாறியோட கயிற்றேணி ஏறுவியோ, பிள்ளை?"

"சாறியோட ஏலாது, சேர். உடுப்பை மாத்தினா ஏறலாம்."

"என்ன உடுப்பு?"

அந்தக் கேள்விக்குப் பதில் என்னிடம் வருடக்கணக்காகத் தயாராக இருந்தது. ஒரு தாளை எடுத்து ஒரேலியாக்காரரின் உடுப்பை வரைந்து காட்டினேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, "கராஜ்காரன் மாதிரி இருக்கு" என்றார். பிறகு, "சரி, தைச்சுக்கொண்டு வா பாப்பம்" என்றார். துணியை நான் வெட்டினேன், ஜெயந்தி தைத்தாள். தைக்கும்போது அவள் ஒரு நிபந்தனை போட்டாள். மணிக்கட்டில் மஞ்சள் கரை வைக்க வேண்டும் என்று. "எனக்கு என்னத்துக்கடி பதவி?" என்று கேட்டேன். "மேல நிக்கிறவனுக்கு நீ ஆர் எண்டு தெரிய வேணும். இல்லாட்டி ஆரோ வழி தவறி வந்த பெட்டை எண்டு நினைப்பான்" என்றாள். எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் விட்டேன். முதல் கப்பல் வெளித்துறைமுகத்தில் நின்றது. அலையில் படகு ஏறி இறங்க, கயிற்றேணியின் கீழ்ப்படியைப் பிடித்தேன். கால் தடுக்கவில்லை, துணி காற்றில் அடிக்கவில்லை, கை இரண்டும் என்னுடையதாக இருந்தது. மேலே போய்த் தளத்தில் காலை வைத்தபோது அங்கே நின்ற அதிகாரி என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னரே மணிக்கட்டைப் பார்த்தான். பார்த்துவிட்டு நிமிர்ந்து நின்று வழிவிட்டான். சுங்க அதிகாரி என்று நினைத்திருக்கிறான். அன்று மாலை இதை ஜெயந்தியிடம் சொன்னபோது அவளுடைய முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அந்த உடுப்பில் ஏறியது என் கட்சி, வழி வாங்கித் தந்தது அவள் கட்சி. அன்றைக்கு நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஓய்வு பெறும்வரை அந்தக் கரையை மட்டும் கழற்றவுமில்லை.

அலுமாரியில் இருக்கிற சாமான்கள் வந்தது அந்த ஏணி வழியாகத்தான். எந்தக் கப்பலில் ஏறினாலும், வேலை முடிந்த பிறகு, உங்கள் நாட்டில் ஒரேலியா போனதா என்று கேட்பேன். முக்கால்வாசிப் பேர் விழிப்பார்கள். சிலருக்கு முகம் மலர்ந்துவிடும். அப்படித்தான் அந்தத் தகரச் சாப்பாட்டுப் பெட்டி வந்தது, படம் போட்ட அட்டைகள் வந்தன, சட்டைக் கையில் தைக்கிற சின்னம் வந்தது, பிளாஸ்டிக் கப்பல் ஒரு பயணத்தில் பாதியும் அடுத்த பயணத்தில் மீதியுமாக வந்தது. ஒரு போலந்துக்காரர் அட்டையில் இருந்த கப்டனின் சப்பாத்தை உற்றுப் பார்த்துவிட்டு, இந்த அடியோடு ஈரமான தளத்தில் நடந்தால் வழுக்கி விழுவாள் என்றார். நான் அதைச் சாட்சியாக உப்புவெளிக்குக் கொண்டுபோனேன். "விண்வெளியில ஏதடி ஈரம்?" என்று ஜெயந்தி முடித்துவிட்டாள். நீ இவற்றை விளையாட்டுச் சாமான் என்கிறாய். நான் ஏறிய கப்பல்கள் அவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு தளம், ஒரு முகம், ஒரு வாக்குவாதம் இருக்கிறது.

இதெல்லாம் உனக்கு ஒருகாலத்தில் உயிராக இருந்தது. சின்ன வயதில் அந்தப் பிளாஸ்டிக் கப்பலைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுப்பாய். பள்ளிக்கூடத்தில் வினோத உடைப் போட்டி வைத்தபோது நீயாகத்தான் ஒரேலியா உடுப்புக் கேட்டாய். தைத்துத் தந்தேன், பச்சை நிறத்தில், இடுப்புப் பட்டியோடு. மற்றப் பிள்ளைகள் அரசனாகவும் மீனவனாகவும் பாதிரியாராகவும் வந்திருந்தார்கள். நடுவராக இருந்தவர் ஒலிவாங்கியில், "இவர் பஸ் கொண்டக்டரோ?" என்று கேட்டார். மண்டபம் முழுவதும் சிரித்தது. நீ அழவில்லை. நேரே என்னிடம் வந்து, "வீட்டை போவம் அம்மா" என்றாய். அந்த உடுப்பை நீயே மடித்துப் பெட்டியின் அடியில் வைத்தாய். அதற்குப் பிறகு உன் கூட்டாளிகள் வருகிற நாள்களில் அலுமாரியின் முன்னால் ஒரு திரைச்சீலை தொங்கத் தொடங்கியது. யார் தொங்கவிட்டது என்று நான் கேட்கவுமில்லை, நீ சொல்லவுமில்லை. அவர்கள் போன பிறகு நான் அதை ஒதுக்கிவிடுவேன். உனக்கு அந்த மண்டபம் இன்னும் காதுக்குள் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அப்போது உன்னோடு வழக்காடவில்லை. இப்போது நீ வளர்ந்த ஆள், கலியாணம் கட்டப்போகிறவன். இனி வழக்காடலாம்.

அந்தப் போட்டிக்கு அடுத்த வருடம் கடல் வந்தது, அதுதான் சுனாமி. உப்புவெளியில் ஜெயந்தியின் வீட்டிலும் விடுதியிலும் சுவர் மட்டும் மிஞ்சியது. உயிரோடு நின்றார்கள், அது போதும் என்று எல்லோரும் சொன்னார்கள், அவளும் சொன்னாள். ஆனால் கோவில் மண்டபத்தில் பாயில் இருந்துகொண்டு அவள் என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னாள்: "மேலங்கி கடலோட போயிட்டுது." அவள் ஆசையாகத் தேடிப்பிடித்து வைத்திருந்த கப்டனின் மேலங்கி அது. தொடரில் நடிகை போட்டதே அல்ல, பார்த்துத் தைத்த பிரதிதான், ஆனாலும் அவளுக்கு அதுதான் எல்லாம். பக்கத்தில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் இருக்க, இதைச் சத்தமாகச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. நான் வீட்டுக்கு வந்து அலுமாரியைத் திறந்து பாதியை ஒரு பெட்டியில் போட்டுக் கொண்டுபோனேன். அவள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, மூன்றாவது வருடத் தொடரின் சாமான்களை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதை எல்லாம் திருப்பித் தந்தாள். "உன்ர கராஜ்காரரை நீயே வைச்சுக்கொள்" என்றாள். கடல் வந்த பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான். பிறகு உன் அப்பாவும் அவளுடைய கணவரும் சேர்ந்து அந்த விடுதியைத் திரும்பக் கட்டியபோது, வரவேற்பு அறையில் முதலில் வைத்த தளபாடம் ஒரு கண்ணாடி அலுமாரிதான்.

இனி நீ அறியாத பகுதிக்கு வருகிறேன். இதைச் சொல்ல நிலானியிடம் அனுமதி வாங்கிவிட்டேன். "நீங்களே சொல்லுங்கோ மாமி, நான் சொன்னா அவர் கவலைப்படுவார்" என்றாள்.

நீ அவளை முதன்முதலில் இங்கே கூட்டிவந்த அன்று ஹோலில் நிற்கவிடாமல் நேரே குசினிக்குக் கூட்டிப்போனாய், ஞாபகமா? போன மாதம் அவள் லீவில் பாலையூற்றில் தாய்வீட்டுக்கு வந்து நின்றபோது, ஒருநாள் காலையில் தனியாக ஓட்டோவில் வந்து இறங்கினாள். நான் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வரும்போது அலுமாரிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அதில் இயந்திரம் பார்க்கிற டோரனின் சின்னப் பொம்மைகள் இரண்டு இருக்கின்றன அல்லவா, அவற்றைக் காட்டி, "இவருக்கு ஏன் மாமி ஒண்டில முழுக்கை, மற்றதில ஒரு பக்கம் கையே இல்லை?" என்று கேட்டாள். டோரனுக்கு ஒரு கை இரும்பு. தொடர் தொடங்கியபோது அதை நீளக் கைச்சட்டைக்குள்ளும் கையுறைக்குள்ளும் மறைத்து வைத்திருந்தார்கள். பிறகு அந்தப் பக்கத்துக் கைத்துணியைத் தோளோடு வெட்டிவிட்டார்கள். இரும்பு முழுவதும் வெளியே. நானும் ஜெயந்தியும் சண்டை பிடிக்காத ஒரேயொரு உடுப்பு அது என்று சொன்னேன். வேலைக்கும் வசதி, தூரத்திலிருந்து பார்த்தாலும் ஆள் யாரென்று தெரியும். நிலானி கதிரையில் உட்கார்ந்தாள். தேத்தண்ணியைத் தொடவில்லை. "அப்ப எனக்கு ஒரு உதவி செய்யுங்கோ மாமி" என்றாள்.

அவளுடைய அம்மா ஒரு கவுன் பார்த்து வைத்திருக்கிறாராம். தரையை மூடுகிற வெள்ளைக் கவுன், பின்னால் இழுபடுகிற வால். சின்ன வயதில் லொறி அடித்த காலும், முழங்காலுக்குக் கீழே போடுகிற இரும்புத் தாங்கியும் அதற்குள் மறைந்துவிடும். தகப்பன் இல்லாத பிள்ளை என்பதால் தேவாலயத்துக்குள் மாமன்தான் கையைப் பிடித்துக் கூட்டிவருவார், அப்போது நடை தெரியாது. எல்லாம் யோசித்துத்தான் செய்திருக்கிறார், பாவம். "அவரிட்டயும் கேட்டனான்" என்றாள் நிலானி. "நீளமா இருந்தா நல்லதுதானே, ஒருத்தருக்கும் தெரியாது எண்டு சொன்னவர். அன்பாத்தான் சொன்னவர், மாமி. ஆனா அந்தத் துணி தாங்கியில கொழுவிச் சிக்கும். நான் விழுந்திடுவன் எண்டு பயத்திலயே நடப்பன். அதோட, தெரியட்டும் எண்டுதான் எனக்கு விருப்பம்."

மகன், நீ என்னிடம் அலுமாரிக்குச் சொன்ன யோசனையும் அவளிடம் உடுப்புக்குச் சொன்ன யோசனையும் ஒன்றுதான். ஆட்கள் வருகிறார்கள், மூடி வைப்போம். என்னுடைய அலுமாரியை மூடினால் எனக்குப் பெரிய நட்டமில்லை, அவர்கள் போன பிறகு திரையை ஒதுக்கிவிடுவேன். ஆனால் அவளுக்குத் திரை போடுகிற பழக்கத்தைத் தொடங்காதே. அலுவலகத்தில் லிப்ட் பழுதான நாளில் எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டு நிற்க, ஒரு பெண் மட்டும் கைப்பிடியைப் பிடித்துப் படியேறத் தொடங்கினாள், நானும் பின்னால் ஏறிப்போனேன் அம்மா என்று என்னிடம் வந்து சொன்னது நீதானே? நீ விரும்பியதே அந்த நடையைத்தான். நீ அதை மறைக்க நினைத்தது வெட்கத்தினால் அல்ல, யாராவது சிரித்துவிடுவார்கள் என்ற பயத்தினால் என்று எனக்குத் தெரியும். அந்தப் பயத்தை அவள் எப்போதோ கடந்துவிட்டாள். நீதான் இன்னும் அந்தப் பள்ளிக்கூட மண்டபத்தில் நிற்கிறாய்.

நான் உடனே ஜெயந்திக்குப் போன் எடுத்தேன். மத்தியானத்துக்குள் அளவு நாடாவும் துணிக்கட்டுமாக வந்துவிட்டாள். ஹோல் மேசையில் தாளை விரித்துத் தொடங்கினோம். கணுக்காலுக்கு மேலே நிற்கிற மாதிரி வெட்டுவோம், பாரமில்லாத துணி, அடி அகலம் கொஞ்சம் கூட, அப்போதுதான் காலை வீசி நடக்கலாம் என்றேன். அது மட்டும் போதாது என்று ஜெயந்தி தலையாட்டினாள். "சும்மா கட்டையா வெட்டினா துணி போதாமப் போயிட்டுது எண்டு நினைப்பினம். கடைசி வாங்கில இருக்கிறவனுக்கும் இது வேணுமெண்டு செய்தது எண்டு தெரிய வேணும். கீழ்க்கரையில வேலைப்பாடு வரட்டும். கண் நேரா அங்கதான் போகவேணும்." அதை அப்படியே தாளில் குறித்துக்கொண்டேன். பிறகு அவள் தன் குணத்தைக் காட்டினாள். முக்காடு வேண்டாம், தோளிலிருந்து நீளமாக ஒரு மேலங்கி விடுவோம் என்றாள். நான் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன். இவ்வளவு வருடத்துக்குப் பிறகும் அவள் அந்த மேலங்கியை என் வீட்டுக்குள் கொண்டுவரப் பார்க்கிறாள். தாங்கியில் கொழுவும் என்றேன் நான், அது இல்லாவிட்டால் பின்பக்கம் வெறுமையாக இருக்கும் என்றாள் அவள். உன் அப்பா மீன் பையோடு வந்து வாசலில் நின்று, எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, நேரே குசினிக்குப் போனார். கடைசியில் நிலானிதான் தீர்ப்புச் சொன்னாள். "இடுப்போட நிப்பாட்டுங்கோ" என்றாள். மேலங்கி இடுப்போடு நின்றது. தாங்கியின் தோல்வாரையும் வெள்ளையாக்கிவிடலாம் என்று நாங்கள் இருவரும் ஒன்றாகச் சொன்னபோது அதையும் அவள் வேண்டாம் என்றாள். "இது நான் ஒவ்வொரு நாளும் நடக்கிற தாங்கி. அது தன்ர நிறத்திலயே வரட்டும்." அந்த இடத்தில் எங்களுக்கு மேலே அவள் போய்விட்டாள்.

சோதனைக்கு முதலில் மலிவான பருத்தித் துணியில் தைத்தோம். அதைப் போட்டுப் பார்க்க வந்த அன்று நிலானி தன் அம்மாவையும் கூட்டிவந்தாள். படிப்பிக்கிறவர் என்பதால் நான் ரீச்சர் என்றுதான் கூப்பிடுவேன்; அவர் முகம் சரியில்லை. அலுமாரியை ஒருமுறை பார்த்தார், மேசையில் கிடந்த துணியைப் பார்த்தார், கதிரை நுனியில் உட்கார்ந்தார். "நீங்கள் நல்லதுக்குத்தான் செய்யிறீங்கள், அக்கா. ஆனா சனம் என்ன சொல்லும்? அவளைப் பாக்காம காலைப் பாப்பினம்" என்றார். நான், அவள் நடக்கிறதை ஒருக்காப் பாருங்கோ, பிறகு நீங்கள் சொல்லுறபடி செய்வம் என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன். பிள்ளையைப் பெற்று, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகத் தூக்கித் திரிந்தவர் அவர். அவர் வேண்டாம் என்றால் நான் துணியை மடித்து வைத்திருப்பேன்.

நிலானி உடுப்பை மாற்றிக்கொண்டு வாசலடியில் போய் நின்றாள். வெளியே வெயில். அங்கிருந்து ஹோலின் மற்ற முனை வரை நடந்து வந்தாள். ஒரு கால் ஊன்றும், மற்றக் கால் ஒரு சுற்றுச் சுற்றி வந்து ஊன்றும், உனக்குத் தெரியும். துணி அதோடு சேர்ந்து அசைந்தது, தடுக்கவில்லை. அவள் கீழே பார்க்கவேயில்லை, எங்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். ரீச்சர் எழும்பினார். எழும்பி, பிடிப்பதற்குக் கையை நீட்டினார். பிறகு கையைத் தானே மடக்கிக்கொண்டார். நிலானி வந்து சேர்ந்து நின்றாள்.

"இவள் நடக்கிறதை நான் இப்பிடி முன்னுக்கு நிண்டு பாத்ததே இல்லை" என்றார் ரீச்சர். "எப்பவும் பக்கத்தில கையைப் பிடிச்சுக்கொண்டுதான் போயிருக்கிறன்."

ஜெயந்தி மூக்கைத் துடைத்துக்கொண்டு கரையைச் சரிபார்க்கக் குனிந்தாள். ரீச்சர் மகளை இன்னும் ஒருமுறை நடக்கச் சொன்னார். இரண்டாவது தடவை முடிந்ததும், "மாமாவுக்கு நான் சொல்லுறன், அவர் குறை நினைக்க மாட்டார். இவள் தனிய வரட்டும். நான் முன் வாங்கில இருக்கிறன்" என்றார். பிறகு அலுமாரியடிக்குப் போய், இது என்ன, அது என்ன என்று கேட்கத் தொடங்கினார். அவர் ஜெயந்தியின் கட்சியா என் கட்சியா என்று இன்னும் பிடிபடவில்லை. இரண்டு பேரும் தனித்தனியே முயன்றுகொண்டிருக்கிறோம்.

நல்ல துணியில் வெட்டுவது நேற்று முடிந்தது. கரையில் என்ன வேலைப்பாடு என்று உனக்குச் சொல்ல மாட்டேன். அவளுக்குப் போன் எடுத்துக் கதை. உடுப்பைப் பற்றி நீ முன்பு சொன்னதைத் திருத்திச் சொல், மன்னிப்பு என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம், "நடந்து வா, பாத்துக்கொண்டு நிக்கிறன்" என்று சொன்னால் அவளுக்கு விளங்கும்.

அன்றைக்குத் தேவாலயத்தில் நீ பீடத்தடியில் நிற்பாய். கதவு திறக்கும், அவள் தனியாக வருவாள். தூரம் கொஞ்சம் கூட, ஆறுதலாகத்தான் வருவாள். பாதி வழியில் உனக்குக் கால் துடிக்கும், இறங்கிப் போய்க் கை கொடுக்கலாம் என்று தோன்றும். பின்னால் இருந்து யாராவது "போய்ப் பிடியுமன்" என்று மெதுவாகச் சொல்லவும் கூடும். போகாதே. அவளுடைய தாய் இவ்வளவு வருடம் காணாத ஒன்றை முன் வாங்கில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பார். நீயும் நின்ற இடத்தில் நின்று பார். அவள் வந்து சேருவாள்.

அம்மா